ஜாலான் புசாரில் அப்பாவுடன் ஒரு சனிக்கிழமை

ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் சிம் லிம் ஸ்குவேர் கண்ணில் படும். தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு புகிஸ் பக்கம் நடக்கிறவர்கள் தினமும் தாண்டிப் போகும் கட்டடம். 1980களின் பிற்பகுதியில் வந்தது. கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமென்றால் சிம் லிம்முக்குப் போ என்று சிங்கப்பூரில் ஒரு தலைமுறையே சொல்லிக்கொண்டிருந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கட்டடத்தின் முன்னால் அப்பாவும் நானும் நின்றிருந்தோம். என் கையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல். அப்பாவின் தோள்பையில் ஒரு பழைய பிஸ்கட் டின். நாங்கள் இருவரும் சேர்ந்து இங்கே கடைசியாக வந்தது 2000ஆம் ஆண்டில்.

அப்போது நான் தொடக்கநிலை மூன்று. ரோச்சோர் நிலையம் அன்றைக்குக் கிடையாது. அது 2015 கடைசியில்தான் திறந்தது. ஈசூனிலிருந்து ரயில் ஏறி, சிட்டி ஹாலில் மாறி, புகிஸில் இறங்கி நடந்து வந்தோம். ஒவ்வொரு கடை வாசலிலும் மஞ்சள், பச்சை, ரோஸ் தாள்களில் அச்சடித்த விலைப் பட்டியல்களை அடுக்கி வைத்திருப்பார்கள். ராம் இவ்வளவு, ஹார்ட் டிஸ்க் இவ்வளவு என்று பொடி எழுத்தில் பக்கம் நிறைய. அப்பா ஏழெட்டுக் கடைகளில் தாள்களைச் சேகரித்துக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்து, பேனாவால் வட்டம் போட்டு ஒப்பிட்டார். பென்டியம் 3, 64 எம்பி ராம், விண்டோஸ் 98. கடைக்காரப் பையன் எங்கள் கண் முன்னாலேயே பொருத்திக் கொடுத்தான். மொத்தம் இரண்டாயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாம் அப்பாவின் ஓவர்டைம் பணம். வீட்டுக்கு டாக்சியில் வந்தோம். பெட்டியை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் வைத்து, வழி முழுவதும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார் அப்பா.

பெட்டி மட்டும் மிச்சம்

உள்ளேயிருந்த சாமான்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தந்த நிறப் பெட்டி மட்டும் ஸ்டோர் ரூமில், தீபாவளி விளக்குகளுக்கும் ஏணிக்கும் நடுவில் கிடந்தது. அதைக் கராங்குனிக்காரரிடம் போடச் சொல்லி அம்மா பல தடவை சொல்லிவிட்டார். இந்த வருடம் ஒரு நாள் அப்படிப் போட எடுத்தபோதுதான், எதற்கும் இருக்கட்டும் என்று அளவெடுத்துப் பார்த்தேன்.

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. நல்ல மேசைக் கணினி ஒன்று தேவைப்பட்டது. கடைகளில் இப்போது கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் கண்ணாடிச் சுவரும் வானவில் விளக்குமாக, திருமண மண்டப மேடை மாதிரி இருக்கின்றன. எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1995ல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டு 305 மில்லிமீட்டருக்கு 244. திருகு ஓட்டைகள் இன்ன இடத்தில். மின்சாரப் பெட்டிக்கு இன்ன அளவு. அதற்குப் பிறகு உள்ளே எல்லாம் மாறிவிட்டது, அந்தத் திருகு ஓட்டைகள் மட்டும் மாறவில்லை. 2000ல் வாங்கிய பெட்டியில் இன்றைய போர்டு உட்காரும். பவர் பொத்தானின் இரண்டு கம்பிகூட அப்படியே பொருந்தும்.

உட்காராதது சூடுதான். அந்தக் காலப் பெட்டிக்கு 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்று போதும். இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்குப் போதாது. முன்பக்கத் தகட்டில் 120 மில்லிமீட்டர் விசிறிக்கு வட்டம் வெட்ட வேண்டும். ஹார்ட் டிஸ்க் கூண்டு நீளமான கார்டுக்கு வழிமறிக்கும். அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளைத் துளைத்து எடுக்க வேண்டும். முன்பக்கப் பிளாஸ்டிக் காவிப் பல் மாதிரி மஞ்சளாகியிருந்தது. ஆகவே பெயிண்டும் அடிக்க வேண்டும்.

பெயிண்டில்தான் முதலில் கைவைத்தேன். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மழை விட்ட கையோடு, சமையலறை ஜன்னலோரம் நாளிதழை விரித்து, பக்கவாட்டுத் தகட்டைப் படுக்க வைத்து, ஸ்பிரே டப்பாவை நாலு குலுக்குக் குலுக்கி அடித்தேன். கறுப்பு. ஒரு நிமிடம் பளபளவென்று இருந்தது. பிறகு பால் ஊற்றியதுபோல் வெண்மை படர்ந்தது. கீழ் ஓரத்தில் பெயிண்ட் திரண்டு கண்ணீர் மாதிரி நின்றது.

வாசனையை முதலில் பிடித்தது அம்மா. அப்பா ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரசம் கொதிக்கும் வாசனைகூடத் தெரியாமல் போய்ப் பல வருடம் ஆகிறது. கேட்டால், "மூக்கைத் தின்னர் தின்னுட்டுப் போச்சு" என்று சிரிப்பார்.

அப்பா செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பெயிண்டராக இருந்தவர். 1979ல் சேர்ந்து, 2014ல் ஓய்வு பெற்றார். முப்பத்தைந்து வருடம்.

ஒரு படிவம்

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தொடக்கநிலை ஆறு படித்தபோது, பெற்றோர் சந்திப்புக்கு அப்பா ஷிப்ட் முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். குளித்துச் சட்டை மாற்றித்தான் வந்தார். ஆனாலும் அந்த வாசனை குளித்துப் போகிற வாசனை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி மூக்கைப் பொத்திக்கொண்டு, யாரிடமிருந்து வருகிறது என்று என்னிடமே கேட்டாள். தெரியாது என்றேன்.

அடுத்த மாதம் ஏதோ ஒரு பள்ளிப் படிவம். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் மேற்பார்வையாளர் என்று எழுதினேன். கையெழுத்துக்காக அப்பாவிடம் நீட்டினேன். அவர் ஆங்கிலத்தை மெதுவாகப் படிப்பார், ஆனால் படித்துவிடுவார். அந்தப் படிவத்தையும் மேலிருந்து கீழ்வரை படித்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் இத்தனை வருடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை சமையலறைக்கு வந்த அப்பா, வெளுத்துப்போன தகட்டைப் பார்த்தார். விரல் நகத்தால் ஓரத்தை மெல்லச் சுரண்டினார். பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது.

"மழை விட்டதும் அடிச்சியாம்மா?"

"ஆமாப்பா."

"ஈரம் உள்ள போயிருச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சியா?"

"இல்ல."

"பிரைமர்?"

"அதுவே பெயிண்ட்தானேப்பா, நேரா அடிக்கலாம்னு நெனச்சேன்."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய் அலமாரிக்கு மேலிருந்து அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். அதில் முடி வெட்டிய ஒரு தட்டைத் தூரிகை, ஒரு சுரண்டி, சாக்குத் துண்டு, கடைசியாக, ஓரங்களில் சீப்பு மாதிரிப் பல் வைத்த ஒரு சின்ன உலோகத் தகடு. ஈரப் பெயிண்டில் அதை நட்டு எடுத்தால், எந்தப் பல் வரைக்கும் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதோ அதுதான் பூச்சின் கனம். மைக்ரான் கணக்கு. பட்டறையில் எல்லாப் பெயிண்டர் பையிலும் அது இருக்குமாம். நான் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அப்பா தன் வேலையைப் பற்றிப் பேசினார். காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் பெயிண்ட் அடிக்க விடமாட்டார்கள். இரும்பின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் இரும்பில் உட்கார்ந்துவிடும். பெயிண்டில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது தகடு இன்னும் குளிரும். அதனால்தான் என் தகட்டில் பால் ஊற்றியதுபோல் படர்ந்தது. சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் பல நாள் 90க்கு மேலே நிற்கும். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 வரைக்கும் இறங்கும். "அந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்காகத்தான் நாங்க காத்துக்கிட்டு இருப்போம்" என்றார்.

பிறகு, "சனிக்கிழமை ஜாலான் புசார் போலாம். சாமான் அங்கதான்" என்றார்.

கால்வாய் ஓரமாக

அப்படித்தான் அன்று சிம் லிம் வாசலுக்கு வந்தோம். உள்ளே நகரும் படிகளில் ஏறி மேல் மாடிகளுக்குப் போனோம். சொந்தமாகக் கணினி பொருத்துகிறவர்களுக்கான கடைகள் இன்னும் இருக்கின்றன, முன்பைவிடக் குறைவு. தாள் பட்டியல்கள் அவ்வளவாக இல்லை. கைபேசியில் விலை பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் வருகிறார்கள். 2019ல் இந்தக் கட்டடத்தையே மொத்தமாகக் கூட்டு விற்பனைக்கு விட்டார்கள். வாங்க ஆள் வரவில்லை. அதனால் இன்னும் நிற்கிறது.

ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி, அதற்குக் கம்பிவலை, உயரம் குறைந்த புரோசசர் குளிர்விப்பான். பழைய பெட்டி அகலம் குறைந்தது. இப்போதைய உயரமான குளிர்விப்பான் வைத்தால் மூடி மூடாது. கடைக்காரத் தம்பி என் அளவுகளைக் கேட்டு, "ஏன் இந்தக் கஷ்டம்? அறுபது வெள்ளிக்குப் புதுப் பெட்டி இருக்கே" என்றான். நியாயமான கேள்விதான்.

வெளியே வந்து கால்வாய் ஓரம் நடந்தோம். அப்பா கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் ரோச்சோர் சென்டர் இருந்தது. ஒவ்வொரு புளோக்கும் ஒவ்வொரு நிறம் அடித்த வீவக வீடுகள். பேருந்தில் போகும்போது நான் நீலமா மஞ்சளா என்று எண்ணுவேன். 2016 இறுதிக்குள் குடியிருந்தவர்கள் காலிசெய்தார்கள். வடக்கு-தெற்கு வழித்தடத்துக்காக அதை இடித்துவிட்டார்கள்.

கொஞ்ச தூரத்தில் சுங்கை ரோடு. திருட்டுச் சந்தை என்று பெயர் வாங்கிய பழஞ்சாமான் சந்தை இங்கேதான் இருந்தது. தரையில் துணி விரித்துப் பழைய கடிகாரம், ரேடியோ, காலணி, நாணயம் எல்லாம் போட்டு விற்பார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடியாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் பக்கத்தில் ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையம் திறந்தது.

"அந்தச் சுரண்டி இங்க வாங்குனதுதான். ரெண்டு வெள்ளி" என்றார் அப்பா. "பட்டறையில குடுக்குற சுரண்டி மொக்கை. இங்க நல்ல இரும்பு கெடைக்கும். சம்பளம் வாங்குன ஞாயித்துக்கிழமை நாங்க நாலஞ்சு பேரு வருவோம்."

என் பள்ளி நாட்களில் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறார் என்று நான் கேட்டதே இல்லை.

கடைக்காரர் கேட்ட கேள்வி

ஜாலான் புசார் என்றால் மலாயில் பெரிய சாலை. இரண்டு பக்கமும் குழாய், விளக்கு, பூட்டு, இரும்புச் சாமான் கடைகள். கிளந்தான் லேன் பக்கம் திரும்பினால் வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் ஆயுதச் சாமான் கடைகள்தான். அஞ்சடி முழுவதும் சாமான்களை வெளியே பரப்பியிருப்பார்கள். பக்கவாட்டாகத்தான் நடக்க முடியும்.

அப்பா நேராக ஒரு கடைக்குள் போனார். வயதான சீன அங்கிள் ஒருவர் கல்லாவில் இருந்தார். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். உப்புத்தாள் 320, 600, 1000 எண்களில். மில்லிமீட்டர் 3.2 ரிவெட்டு ஒரு பொட்டலம். வட்ட அரம் ஒன்று. நல்ல மாஸ்கிங் டேப். மூக்குக்குத் தூசி முகக்கவசத்தை எடுத்தேன். அப்பா அதைத் திரும்ப வைத்துவிட்டு, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கரிக்குப்பி வைத்த கவசத்தை எடுத்தார். நாற்பது வெள்ளிக்கு மேல். விலை அதிகம் என்றேன்.

"இதுல மட்டும் கணக்குப் பார்க்காதே" என்றார்.

பெட்டித் தகடு துத்தநாகம் பூசிய இரும்பு.  அதன் மேல் சாதாரண எனாமல் பெயிண்ட் ரொம்ப நாள் நிற்காது. அதற்குத் தகட்டைக் கவ்விப் பிடிக்கிற எட்ச் பிரைமர் வேண்டும். இதை அப்பா சொல்லி நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். நானே அங்கிளிடம் ஆங்கிலத்தில், துத்தநாகத் தகட்டுக்கு எந்த எட்ச் பிரைமர் நல்லது என்று கேட்டேன். அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

அப்பா உப்புத்தாளை எண்ணிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"என் அப்பா பெயிண்டர்" என்றேன். "கப்பல் பெயிண்டர். முப்பத்தைந்து வருஷம்."

அங்கிள் அப்பாவைப் பார்த்து மலாயில் எந்தப் பட்டறை என்று கேட்டார். அப்பா சொன்னார். அங்கிளின் தம்பியும் அந்தப் பக்கம் வெல்டராக இருந்தவராம். அடுத்த கால்மணி நேரம் எனக்குப் புரியாத மலாயில் பழைய டாக், பழைய போர்மேன், யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பேச்சு போனது. கடைசியில் ஒரு ரூல் டேப்பை அங்கிள் காசு வாங்காமல் பையில் போட்டார்.

வெளியே வந்ததும் அப்பா வேறொன்றும் பேசவில்லை. டன்லப் ஸ்திரீட் பக்கம் நடந்து, அப்துல் கபூர் பள்ளிவாசலைத் தாண்டி, ஒரு கடையில் தே தாரிக்கும் பிராட்டாவும் சாப்பிட்டோம். எனக்கு இன்னொரு முட்டை பிராட்டா வேண்டுமா என்று அவராகவே கேட்டார். வேண்டும் என்றேன்.

கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம்

வீவக அடுக்குமாடியில் நடைபாதையிலோ படிக்கட்டிலோ ஸ்பிரே அடிக்கக் கூடாது. அக்கம்பக்கத்துக்கு நாற்றம், நெருப்புப் பயம் வேறு. அதனால் பெட்டியைக் கழற்றி, தகடுகளை அப்பாவின் பழைய கைலியில் சுற்றி, அடுத்த சனிக்கிழமை ஜோகூர் பாருவில் இருக்கும் மாமா வீட்டுக்குக் கிளம்பினோம். அது தாமான் வீடு. கார் நிறுத்தும் இடம் மூன்று பக்கமும் திறப்பு. ஸ்பிரே டப்பாக்களை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பேருந்தில் கொண்டு போகக் கூடாத சாமான் அது.

உட்லண்ட்ஸிலிருந்து 950 பேருந்து. 1924ல் திறந்த கடற்பாலத்தில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நெரிசலில் ஊர்ந்தோம். சுங்கச் சோதனையில் கைலி மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்கள். உள்ளே வெறும் இரும்புக் கூடு. "கம்ப்யூட்டரா?" என்று கேட்டார் அதிகாரி. "இன்னும் இல்லை" என்றேன்.

மாமா காரை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். "என்ன மச்சான், ஓய்வு பெத்தும் வேலையை விடலையா?" என்று வரவேற்றார்.

காலை முழுவதும் வெட்டும் தேய்ப்பும்தான். விசிறியின் திருகு ஓட்டைகள் 105 மில்லிமீட்டர் சதுரத்தில் அமையும். நடு வட்டம் 115. தகட்டின் மேல் டேப் ஒட்டி, காம்பஸில் வட்டம் போட்டு, மாமாவின் ஜிக் சாவில் உலோகத்துக்கான நெருக்கப் பல் பிளேடு மாட்டி மெல்ல அறுத்தேன். கூண்டின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்தேன். அரம் போட்டு ஓரத்தை மழுக்க அரைமணி நேரம். முடிந்தது என்று நினைத்தேன். அப்பா விரலை ஓரமாக ஓட்டிப் பார்த்து, "இன்னும் கத்தியா இருக்கு" என்றார்.

கூர்மையான ஓரத்தில் பெயிண்ட் நிற்காதாம். காயும்போது சுருங்கி இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு ஓரத்தை வெறுமையாக விட்டுவிடும். துரு அங்கேதான் தொடங்கும். அதனால் கப்பலில் ஓரங்களையும் வெல்டிங் தையல்களையும் முதலில் தூரிகையால் கையாலே பூசிவிட்டுத்தான் மேலே ஸ்பிரே அடிப்பார்கள். அப்பா அதிக நாள் வேலை செய்தது கப்பலின் பாலாஸ்ட் தொட்டிகளுக்குள். கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீர் நிரப்பும் இருட்டறைகள் அவை. குனிந்து, தவழ்ந்து, காற்றுக்குழாயோடு உள்ளே போக வேண்டும். புதுக் கப்பல்களின் தொட்டிகளுக்கு அனைத்துலகக் கடல்துறை அமைப்பு 2006ல் ஒரு விதியை ஏற்றது: பூச்சு 320 மைக்ரான் இருக்க வேண்டும், பதினைந்து வருடம் தாங்க வேண்டும் என்று. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனம். பயணிகளோ கப்பல் முதலாளியோ அதைப் பார்க்கப்போவதில்லை.

"கப்பலுக்கு வெளியில அடிக்கிறவனைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க" என்றார். "கப்பல் நிக்கிறது உள்ள அடிச்சதாலதான்."

நான் வெட்டிய வட்டத்தின் ஓரத்தில், அந்த முடி வெட்டிய தூரிகையால், பிரைமரை ஒரு மூடியில் பீய்ச்சித் தொட்டுத் தொட்டுப் பூசினார். அவர் கை லேசாக நடுங்குகிறது. தூரிகை தகட்டைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடுகிறது. அதை நான் அருகில் உட்கார்ந்து பார்த்தேன்.

மதர்போர்டு உட்காரும் திருகு மேடைகளிலும், மின்சாரப் பெட்டி ஒட்டும் இடத்திலும் டேப் ஒட்டினேன். அங்கே பெயிண்ட் பட்டால் போர்டுக்கும் பெட்டிக்கும் நடுவே மின்தொடர்பு அறுந்துவிடும். இந்த ஒன்று மட்டும் அப்பாவுக்குத் தெரியாத விஷயம். ஏன் என்று கேட்டு, சொன்னதும், "அப்ப ஒழுங்கா ஒட்டு" என்றார்.

பிற்பகல் இரண்டு மணி. கைபேசியில் ஈரப்பதம் 64. "இப்ப" என்றார்.

டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். தகட்டுக்கு வெளியே தொடங்கி, ஒரே வேகத்தில் போய், வெளியே முடிக்க வேண்டும். அடுத்த வீச்சு முந்தையதில் பாதியை மூட வேண்டும். ஒரேயடியாக மூடப் பார்க்கக் கூடாது. மெல்லியதாக மூன்று நாலு பூச்சு. முதல் பூச்சுக்குப் பின்னும் அடித்தளம் தெரிந்தால் பதற்றப்படக் கூடாது. அடுத்த பூச்சுக்கு எவ்வளவு நேரம் என்பது டப்பாவிலேயே எழுதியிருக்கும். அதை மீறினால் சுருங்கிவிடும். அப்பா பக்கத்தில் நின்று "போ, போ, நிக்காத, போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் முதல் பூச்சில் சீப்புத் தகட்டை நட்டுப் பார்த்தார். ஒரு பல்லில்கூட ஒட்டவில்லை. "இது பெயிண்டா, பன்னீரா?" என்று கேட்டு, மாமாவும் சேர்ந்து சிரித்தார்கள்.

நிறம் என் யோசனை. அடியில் மூன்றில் ஒரு பங்கு கப்பல் அடிப்பாகத்துச் செம்பழுப்பு. மேலே சாம்பல். நடுவில் வெள்ளைக் கோடு, கப்பலில் நீர்மட்டத்தைக் காட்டும் கோடு மாதிரி. சொன்னபோது அப்பா, "கம்ப்யூட்டருக்கு எதுக்கும்மா அது?" என்றார். ஆனால் அந்தக் கோட்டுக்கு டேப் ஒட்டியவர் அவர்தான், என்னை ஒட்ட விடவில்லை. பூச்சு முழுக்கக் காய்வதற்குள், டேப்பைத் தன் மேலேயே மடக்கி மெல்ல இழுத்து எடுத்தார். கோடு கத்தியால் வெட்டியதுபோல் வந்தது.

அன்றிரவு மாமா வீட்டில் தங்கினோம். மறுநாள் மத்தியானம் மேல்பூச்சு. அடுத்த வாரம்தான் தகடுகளைத் திரும்ப எடுத்துவந்தோம். அதற்குமுன் தொடாதே என்பது அப்பாவின் உத்தரவு.

ஈசூனில்

இப்போது அந்தப் பெட்டி என் மேசையில் இருக்கிறது. பழைய பவர் பொத்தான், 2000ல் எழுந்த அதே 'டக்' சத்தத்தோடு வேலை செய்கிறது. செலவைக் கணக்குப் பார்த்தால் புதுப் பெட்டி இரண்டு வாங்கியிருக்கலாம். சிம் லிம் தம்பி சொன்னது சரிதான். உங்களிடமும் அப்படி ஒரு பழைய பெட்டி ஸ்டோர் ரூமில் கிடந்தால், போடுவதற்கு முன் திருகு ஓட்டைகளை ஒருமுறை அளந்து பாருங்கள். அளக்கும்போது வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள்.

அலுவலகக் காணொளிக் கூட்டத்தில் பின்னால் தெரியும் அந்தச் சிவப்புப் பெட்டி என்ன என்று ஒருவர் கேட்டார். என் அப்பா கப்பல் பெயிண்டர், அவர் அடித்தது என்றேன். அந்தப் படிவத்தைப் பற்றி அப்பாவும் நானும் இதுவரை பேசவில்லை.

முதல் நாள் கணினியை ஓடவிட்டபோது அப்பா வந்து பார்த்தார். விசிறிக்கு முன்னால் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்தார். திரையைப் பார்க்கவில்லை. பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைபேசி விளக்கை உள்ளே பிடித்து, நான் வெட்டிய வட்டத்தின் உள் ஓரத்தை ஒரு சுற்று மெதுவாகப் பார்த்தார்.

"ஓரம் நல்லா நிக்குது" என்றார். "மூடிரும்மா."